பெரிய வியாழன் பரீட்சை

ஆர்ஷா பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தது ஜூன் ஒன்றாம் தேதி, ஒரு வியாழக்கிழமை. கேரளம் முழுக்கப் பள்ளி திறக்கிற நாள் அது. வாசலில் பலூன் தோரணம் கட்டி, முதல் வகுப்பில் சேர வந்த பொடிசுகளின் தலையில் காகிதக் கிரீடம் வைத்து, ஆளுக்கொரு லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் வரவேற்புப் பாட்டு. தூறல் வேறு. குடையும் பையுமாகக் கூட்டம் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு வர, பிஜியும் மகளும் மட்டும் அலுவலக அறைக்கு முன்னால் டி.சி. வாங்க நின்றார்கள்.

கிளார்க் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

“எல்லாரும் கேறி வர்ற திவசமாக்கும் இன்னிக்கு. நீங்க மட்டும் எறங்கிப் போறியளா?”

“ஆமா சார்.”

“பத்தாம் கிளாஸுல மாத்துறது நல்லதில்ல, கேட்டியளா. எந்த ஸ்கூலுக்கு?”

“ஸ்கூலுக்கு இல்ல சார். வீட்டுல இருந்து படிக்கப் போறா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வீட்டுலயா? யாரு சொல்லிக் குடுப்பா?”

“நான்தான்.”

அவருடைய பார்வை பிஜியின் கழுத்துக்கு இறங்கியது. அளவெடுக்கிற டேப்பைக் கழற்றாமல் அப்படியே வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சீருடை தைக்கிறவளுக்கு மூச்சு விட நேரமில்லாத வாரம் அது. அதே பள்ளியின் நீலப் பாவாடைகள் பதினேழு, கொக்கி வைக்காமல் அவள் வீட்டு மேஜையில் கிடந்தன. டேப்பைச் சுருட்டிக் கைக்குள் வைத்தாள். ஒளித்தது தனக்கே பிடிக்காமல் மறுபடி எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

கையெழுத்தும் முத்திரையும் விழ ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஆர்ஷா வாயே திறக்கவில்லை. வெளியே வரும்போது, இவளும் புதிதாகச் சேர வந்த பெண் என்று நினைத்த ஆசிரியை ஒருவர் கையில் ஒரு லட்டுவை வைத்தார். ஆர்ஷா வாங்கிக்கொண்டாள். ரோட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நீட்டினாள்.

“நீங்க தின்னுங்க. எனக்கு வேண்டாம்.”

பிஜி பிறந்தது குமரி மாவட்டத்து முளகுமூடு பக்கம். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்தாள். கணக்கில் இருநூறுக்கு நூற்று எண்பத்தாறு. ஆசிரியர் பயிற்சிக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா ஒரு வருடம் பொறுக்கச் சொன்னார். அந்த ஒரு வருடத்துக்குள் திருவனந்தபுரத்திலிருந்து அஜீஷின் வரன் வந்துவிட்டது. ஆரியசாலையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடைக்குப் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவன். வந்த ஊரில் மலையாளம் அவளுக்குக் காதில் ஏறியது, நாக்கில் ஏறவில்லை. அவள் மலையாளத்தில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் தமிழில் மீதிச் சில்லறை இல்லை என்பார்.

தையல் பிழைப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வேதபாடம் எடுக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு உயிர். சாக்பீஸைக் கையில் எடுத்தால் குரலே மாறிவிடும் என்று அஜீஷ் கேலி செய்வான்.

மகளை ஏன் பள்ளியிலிருந்து நிறுத்தினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில் சொன்னாள். அந்த மே மாதம் ஐந்து நாள் தியானத்துக்குப் போயிருந்தாள். பிள்ளைகளைக் கடவுள் ஒப்படைத்தது பெற்றவர்களிடம், பள்ளிக்கூடத்திடம் அல்ல என்று அங்கே பிரசங்கம் செய்தார்கள். குவைத்தில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பிய லீலாபாயை அங்கேதான் சந்தித்தாள். லீலாபாய் தன் கடைசி மகனை வீட்டிலேயே படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவரோடு இன்னும் மூன்று கத்தோலிக்கக் குடும்பங்கள். மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்துகொண்டால் வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பாடத்தோடு விசுவாசத்தையும் சேர்த்தே வளர்க்கலாம். பிஜி அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

இது அவள் சொன்ன காரணம். சொல்லாமல் வைத்திருந்த இன்னொன்று உண்டு. பிப்ரவரியில் ஒரு மதியம் குடை கொடுக்கப் பள்ளிக்குப் போனாள். “ஏ மக்களே, ஆர்ஷா!” என்று வாசலிலிருந்து கூப்பிட்டாள். பின்னாலிருந்து யாரோ, தமிழர்களை இளப்பமாகக் குறிக்கிற “பாண்டி” என்ற சொல்லைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆர்ஷா வேகமாக வந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்: “அம்மா, இனி ஸ்கூல் கேட்டுக்கிட்ட வந்து தமிழ் பேசாதீங்க.” அந்த வாரமே கழுத்தில் கிடந்த ஜெபமாலைச் சங்கிலியையும் அவள் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டதைப் பிஜி பார்த்தாள். இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாள். வந்த விடையை யாரிடமும் சொல்லவில்லை.

*

முன்னறையின் தையல் மேஜையில் பாதி இடம் வகுப்பாயிற்று. காலையில் ஜெபம், எட்டரைக்குக் கணக்கு. அரைவட்டப் பாவாடைக்கு இடுப்பளவு இருபத்தாறு அங்குலம் என்றால் எவ்வளவு ஆரத்தில் வெட்ட வேண்டும் என்று கேட்டாள் பிஜி. ஆர்ஷா எட்டேகால் என்று கணக்குப் போட்டு, செய்தித்தாளில் வெட்டி, தன் இடுப்பிலேயே சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். பள்ளியில் கணக்குப் போட்டு இவள் சிரித்துப் பார்த்ததில்லை. புதன்கிழமைகளில் அப்பாவோடு பிக்கப்பில் வித்துரா வரைக்கும் சரக்கு இறக்கப் போவாள். போகிற வழியில் பார்த்த மண்ணையும் மரத்தையும் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டு வருவாள். மார்கழிக்குள் தமிழ் பைபிளை முதல் பக்கத்திலிருந்து வாசித்து அரசர்கள் ஆகமம் வரைக்கும் வந்துவிட்டாள். வந்த இடத்தில் நின்று, “இந்த சாலமோனை எப்படிம்மா ஞானின்னு சொல்றாங்க?” என்று சண்டையும் போட்டாள்.

இவ்வளவும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு குறை. பிஜியின் பள்ளிக்கூடம் கோயில் காலண்டர்படி ஓடியது. செவ்வாய் மாலை அந்தோணியார் நவநாள், வகுப்பு கிடையாது. மாதத்தின் முதல் வெள்ளி கிடையாது. வேளாங்கண்ணி மாதாவுக்குப் பத்து நாள், பங்குத் திருவிழாவுக்குப் பத்து நாள், கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்ட ஒரு வாரம்.

அஜீஷின் தங்கை ஜிஷாவுக்கு வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் மகள் ஆன்சிக்கும் அதே வயது. அரசுப் பள்ளியில் அதே பத்தாம் வகுப்பு. ஜிஷா வாயை அடக்கி வைக்கிற ரகமில்லை.

“மைனி, உங்க ஸ்கூல்ல படிப்பு எப்பமாக்கும்? புண்ணியவாளங்க யாருக்கும் திருநாள் இல்லாத அன்னைக்கா?”

“எங்க பிள்ளை படிக்கத்தான் செய்யுது, ஜிஷா.”

“படிக்கும், படிக்கும். எங்க பிள்ளைக்கு ஒரு ஹெட்மாஸ்டர்தான். உங்க பிள்ளைக்கு மோட்சத்துல உள்ள எல்லாரும் ஹெட்மாஸ்டராக்கும்.”

ஆன்சிக்குப் பள்ளியில் எல்லாம் இருந்தது: பஸ் கன்செஷன், கலோத்சவம் என்கிற கலைவிழா, வகுப்பு லீடர் தேர்தல், ஒருத்தியோடு சண்டை, இன்னொருத்தியோடு சமாதானம். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாள் அவள் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு ஆர்ஷாவிடம் ஓடி வந்தாள். நெற்றியில் சாம்பலோடு போனவளைத் தோழிகள் சுற்றி வளைத்துக் கேள்வி கேட்டிருந்தார்கள்.

“எடீ, ஒண்ணொண்ணா சொல்லு. நோம்பு நாப்பது நாளுன்னு பறையறோம், எண்ணிப் பாத்தா நாப்பத்தாறு வருதுன்னு ஆமினா கேக்கறா. அப்புறம், பாவசங்கீர்த்தனத்துல கொலை செஞ்சேன்னு சொன்னாக்கூட அச்சன் போலீஸுல சொல்ல மாட்டாரா?”

“ஞாயித்துக்கிழமை கணக்குல சேராது. அதைக் கழி,” என்றாள் ஆர்ஷா. இரண்டாவது கேள்விக்குக் கால் மணி நேரம் பதில் சொன்னாள். ஆன்சி வாயைப் பிளந்துகொண்டு எழுதினாள்.

“இதைச் சொன்னா அவளுங்க வேற கேள்வி கேப்பாளுங்க.”

“கேட்டுட்டு வா.” ஆர்ஷா பென்சிலைச் சுழற்றினாள். “எனக்கு எல்லாம் தெரியும். எங்கிட்ட யாரும் கேக்கறதில்ல.”

தையல் இயந்திரத்தில் பிஜியின் கால் ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

*

மார்ச் மாதம் ஹால் டிக்கெட் வந்தது. அறிவியல் செய்முறைத் தேர்வு 28ஆம் தேதி, காலை ஒன்பதரை மணி. நகரத்துக்கு வெளியே ஒரு பள்ளியில் மையம். பிஜி நேராகப் போய்க் கோயில் காலண்டரைப் பார்த்தாள். 28, பெரிய வியாழன்: ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை.

அந்த வருடம் பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக, பங்குக் குருவான அச்சன் பாதம் கழுவிவிடுகிற பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக ஆர்ஷாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பங்கில் அந்த வரிசையில் உட்காரப் போகிற முதல் தமிழ்ப் பெண் அவள்தான். பிஜி லீலாபாய்க்குப் போன் போட்டாள்.

“பெரிய வியாழனுக்கா பரீட்சை? நல்ல கூத்து!” என்று சிரித்தார் லீலாபாய். “அன்னைக்கு கேரளத்துல பள்ளிக்கூடமும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. தெரியாம போட்டிருப்பாங்க, பிஜி. மாத்தி மெசேஜ் வரும். பொறுத்திரு.”

“அம்மா, நாமளே போன்ல விளிச்சு ஒரு தடவை கேக்கலாமா?” என்றாள் ஆர்ஷா.

“வரும் பிள்ளே. லீவு நாளுல எவன் பரீட்சை வைப்பான்?”

பிறந்ததிலிருந்து பிஜிக்குத் தெரிந்த உலகத்தில் பெரிய வியாழன் என்றால் எல்லாம் மூடியிருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை. 28ஆம் தேதி காலை ஒன்பதரைக்கு அவள் கோயிலின் பின்னறையில் பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆர்ஷா பித்தளைத் தாம்பாளத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். மாலையில் அச்சன் குனிந்து மகளின் பாதத்தில் தண்ணீர் ஊற்றியபோது பிஜி அழுதாள்.

உயிர்ப்பு ஞாயிறன்று ஜிஷா வீட்டில் சாப்பாடு. கோழிக்குழம்பை ஊற்றிக்கொண்டே ஆன்சி கேட்டாள்: “ப்ராக்டிகல் எப்படிடீ போச்சு?”

“இன்னும் நடக்கல. தேதி மாறும்.”

“எங்கே மாறும்? வியாழக்கிழமைதானே நடந்துச்சு! எங்க கெமிஸ்ட்ரி சாருக்கு அங்கதான் ட்யூட்டி. லீவு நாளுலயும் விட மாட்டேங்கறாங்கன்னு புதன்கிழமை வழியில பாத்தப்ப புலம்பினாரே.”

ஜிஷா மகளின் கையிலிருந்து கரண்டியை வாங்கி மெதுவாகக் குழம்புச் சட்டியில் வைத்தாள். ஆர்ஷா இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை காலை இருவரும் அந்த மையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். நல்ல மனிதராக இருந்ததால் சண்டை போடவும் வழியில்லை.

“ஹால் டிக்கெட்டுல தேதி உண்டல்லோ, அம்மா.”

“பெரிய வியாழன் சார். லீவு நாளு.”

“அது கேரள சர்க்கார் லீவு. இது சென்ட்ரல். அவங்க காலண்டர்ல மறுநாளு துக்க வெள்ளி மட்டும்தான் லீவு.” பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “பதினாலு பிள்ளைங்க வந்தாங்க. அதுல ரெண்டு பேரு உங்க ஆளுங்கதான். எழுதி முடிச்சு, சாயங்காலம் கோயிலுக்குப் போகணும்னு ஓடினாங்க.”

மற்றப் பாடங்களை இப்போது எழுதலாம். செய்முறை இல்லாமல் அறிவியல் தேறாது. அடுத்த வாய்ப்பு அக்டோபரில். அதன் முடிவு வருவதற்குள் இந்த வருடத்துப் பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்துவிடும். மகளுக்கு ஒரு வருடம் போயிற்று.

கிழக்கேகோட்டைக்குத் திரும்புகிற பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தப்பு என்னுடையது என்று எப்படி ஆரம்பிப்பது என்று பிஜி யோசித்துக்கொண்டிருந்தாள். ஆர்ஷா முந்திக்கொண்டாள்.

“என்னை ஸ்கூல்ல இருந்து எதுக்கு எடுத்தீங்க?”

“உனக்குத் தெரியாதா? தியானத்துல...”

“அது லீலாபாய் ஆன்ட்டிகிட்ட சொல்றது. எங்கிட்ட சொல்லுங்க.”

பிஜி ஜன்னலைப் பார்த்தாள். மூன்று நிறுத்தம் போயிற்று. பிறகு, பிப்ரவரி மதியத்தையும் குடையையும் பெட்டிக்குள் பார்த்த சங்கிலியையும் சொன்னாள். “நீ என்னைப் பாத்து வெக்கப்பட்டே. அது எனக்குத் தாங்கல.”

“ஆமா, வெக்கப்பட்டேன்,” என்றாள் ஆர்ஷா. குரல் உயரவில்லை. “நெசந்தான். சங்கிலி கொக்கி அறுந்து போச்சு, அதனால கழத்தி வச்சேன். அதை நீங்க கேட்டிருக்கலாம். வெக்கம் ஒரு வருஷத்துல மாறும்மா. ஆன்சியும்தான் ஜிஷா மாமி ஸ்கூலுக்கு வந்தா ஒளிஞ்சு நிப்பா, இப்ப ஒளியறதில்ல. நீங்க அதுக்குப் போயி டி.சி. வாங்கிட்டீங்க.”

பிஜி கையிலிருந்த ஹால் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அக்டோபர்ல நான் எழுதறேன். பாஸாவேன். அடுத்த வருஷம் ஸ்கூலுக்குப் போவேன். ஆனா, இனி நீங்க எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.”

*

அன்று வீட்டுக்கு வந்ததும் பிஜி செய்த முதல் வேலை, கோயில் காலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தது. திறந்தநிலைப் பள்ளியின் தேதிகளை ஒரு தாளில் பெரிதாக எழுதி அதில் தொங்கவிட்டாள். இரண்டாவது வேலை லீலாபாய்க்குப் போன் செய்தது. குறை சொல்ல அல்ல. “அக்கா, அடுத்த வருஷம் உங்க பையன் எழுதணும். தேதி வந்தா நமக்குள்ள பேசிக்கிட்டு இருக்க வேண்டாம். நேரா சென்டருக்கு விளிச்சுக் கேளுங்க. ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைக்கு நோட்டீசு தேடி வரும். நம்ம பிள்ளைக்கு நாமதான் தேடிப் போகணும்.” லீலாபாய் வெகுநேரம் வருத்தப்பட்டார், கடவுள் சித்தம் என்றார். பிஜி அதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அவரு மேல போட வேண்டாம்கா. இது நான் கேக்காம விட்டது.”

மூன்றாவது வேலைதான் கடினம். இவள் பாடம் எடுக்கக் கூடாது. ஆனால் மகள் தேற வேண்டும். சோதனைக்குழாயைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை எப்படிச் செய்முறை செய்யும்? வீட்டில் வினிகரும் சோடா மாவும் கலந்து பொங்க வைத்ததைத் தவிர ஆர்ஷாவுக்கு ஆய்வகம் தெரியாது. பிஜி விசாரித்துக்கொண்டே போய், கிழக்கேகோட்டை பக்கம் ஒரு மாடியில் டுடோரியல் நடத்துகிற லிங்கராஜைப் பிடித்தாள். நாகர்கோவில்காரர். மாடியின் பின்பக்கம் சின்ன ஆய்வகம் வைத்திருந்தார்.

“லேப் ஒழிஞ்சு கிடக்கற நேரம் ஏதாவது உண்டா சார்?”

“ஒழிஞ்சா? ஞாயித்துக்கிழமை காலம்பற ஏழு முதல் பத்து வரை. அந்த நேரம் நானும் சும்மாதான் இருப்பேன். உங்க ஆளுங்களுக்கு அது பூசை நேரமல்லவா? ஒத்து வராதே.”

“ஒத்து வர வைக்கறேன் சார்.”

ஞாயிறு காலை என்றால் பூசை மட்டுமல்ல. ஆர்ஷாவின் வேதபாட வகுப்பும் பிஜியின் வகுப்பும் அந்த நேரத்தில்தான். வேதபாடத்துக்கும் வருகைப் பதிவேடு உண்டு, தேர்வு உண்டு, வகுப்பேற்றம் உண்டு. பிஜி அச்சனைப் போய்ப் பார்த்தாள்.

“அச்சா, அக்டோபர் வரை ஆர்ஷா வேதபாடத்துக்கு வரமாட்டா. நானும் வரமாட்டேன். பூசைக்கு சனிக்கிழமை சாயங்காலம் வந்திடுவோம்.”

அச்சன் அவளை விசித்திரமாகப் பார்த்தார். “பிஜி, வேதத்துக்காக அல்லவா பிள்ளையை ஸ்கூல்ல இருந்து எடுத்தது? இப்ப பரீட்சைக்காக வேதபாடத்துல இருந்து எடுக்கறியா? அட்டெண்டன்ஸ் இல்லாம பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் போயிடும், கேட்டியா.”

“போகட்டும் அச்சா. இந்த ஒரு வருஷத்தை அவ கோயில்ல தோக்கட்டும். அங்கே பரீட்சையில தோத்ததுக்கு நான் காரணம். இதுக்கும் நானே காரணமா இருந்துக்கறேன்.”

அச்சன் பேனாவை மூடித் திறந்தார். “நாலாம் கிளாஸ் பிள்ளைங்க உன்னைத் தேடுமே.”

அதுதான் அவளுக்கும் வலித்தது. “தேடட்டும்” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்தாள்.

மே முதல் அக்டோபர் வரை ஒரு ஞாயிறு தவறவில்லை. ஆறரை மணி பஸ். உள்ளே லிங்கராஜ் உப்புகளைப் பிரித்தறியச் சொல்லிக்கொடுப்பார். பிஜி உள்ளே போகமாட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து சீருடைகளுக்குக் கைத்தையல் போடுவாள். கண்ணாடிக் குழாய் உடைகிற சத்தம் கேட்கும். “பரவால்ல, உடைச்சாத்தான் படிக்கும்” என்று லிங்கராஜ் சொல்வது கேட்கும். எட்டிப் பார்க்கக் கழுத்து நீளும். பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பாள். ஒரு ஞாயிறு அவர் வெளியே வந்து, “உள்ள வந்து இருங்களேன்” என்றார். “அவ கூப்பிடட்டும்” என்றாள் பிஜி. ஆர்ஷா கூப்பிடவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் ஜிஷா அந்தப் படிக்கட்டுக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்; கையில் தூக்குவாளியில் இட்லி.

“காலம்பற ஒண்ணும் தின்னாமதானே வாறிய? பிடியுங்க. உங்க ஹெட்மாஸ்டர்மாரு ஒருத்தரும் சோறு கொண்டு வர மாட்டாங்கல்லா.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆன்சிக்குப் பிளஸ் ஒன்ல எல்லாம் வந்து விழுது மைனி. பஸ்ஸு, புஸ்தகம், நோட்டீசு. ஆனா வீட்டுல வந்து எங்கிட்ட ஒண்ணும் பேசமாட்டா. உங்க பிள்ளை உங்ககிட்ட சண்டையாவது போட்டா.”

பிஜி இட்லியைப் பிட்டுக்கொண்டே, “இப்ப அதுவும் போடறதில்ல” என்றாள்.

அக்டோபரில் செய்முறைத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் வாசலில் நின்றார்கள். டிசம்பரில் முடிவு வந்தது. அறிவியலில் எழுபத்து மூன்று, கணக்கில் தொண்ணூற்று ஒன்று. ஆர்ஷா மதிப்பெண்களை அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். அஜீஷ் மனைவியைப் பார்த்தான். பிஜி அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவினாள். அதே பாத்திரத்தை மறுபடி கழுவினாள். ஜனவரியில் வேதபாடத்தின் புது வருடம் தொடங்கியதும் இருவரும் திரும்பினார்கள். தன்னைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு ஆர்ஷா அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள்; முகம் சுளிக்கவில்லை.

ஜூனில் அரசுப் பள்ளியொன்றில் பிளஸ் ஒன் இடம் கிடைத்தது. சேர்க்கை அன்று அம்மா வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள் ஆர்ஷா, கையெழுத்துக்கு. கவுண்டரில் பிஜி தன் ஓட்டை மலையாளத்தில் ஏதோ கேட்க, உள்ளிருந்தவர் சிரித்துக்கொண்டே தமிழில் பதில் சொன்னார். ஆர்ஷா பக்கத்தில்தான் நின்றாள். நகரவில்லை.

வீட்டில் தையல் மேஜை முழுக்க மறுபடி துணிக்கே வந்தது. ஆர்ஷா ஆறு மணிக்கு வருவாள், சாப்பிடுவாள், உள்ளறையில் உட்கார்ந்து படிப்பாள். பள்ளிச் செய்திகளைச் சொல்வாள், அன்பாகத்தான் சொல்வாள். கணக்குப் புத்தகம் மட்டும் முன்னறைக்கு வராது. அவள் பள்ளிக்குப் போன பிறகு பிஜி சில நாள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவாள். கணங்களும் சார்புகளும் மறந்திருக்கவில்லை. ஒரு பழைய நோட்டில் பயிற்சிக் கணக்குகளைத் தனக்காகப் போட்டுப் பார்த்து, புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். லீலாபாயின் குழுவில் புதிதாகச் சேர நினைக்கிற தாய்மார் இவளிடம் பேசச் சொல்லி எண் வாங்கிப் போவார்கள். வீடா பள்ளியா, எது நல்லது என்று கேட்பார்கள். “முதல்ல பிள்ளைகிட்ட கேட்டியளா?” என்பாள் பிஜி. பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேரிடம் ஒரு மணி நேரம் பேசுவாள்.

பஸ்ஸில் அந்தப் பேச்சு நடந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிப்ரவரியில் ஒரு பகல், பிஜி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. பள்ளியின் மதிய இடைவேளையில் ஆர்ஷா அனுப்பியிருந்தாள்.

“அம்மா, மாடல் எக்ஸாம் கணக்கு பேப்பர் தந்தாங்க. அறுபதுக்கு பதினேழு. அப்பாகிட்ட சொல்லாதீங்க, நானே சொல்லிக்கறேன். டியூஷன் வேண்டாம். இன்னிக்கு முதல் ஆறு மணிக்கு நீங்க எடுத்தா போதும். நான் மட்டும் இல்ல, என் பெஞ்சுல உள்ள ரெண்டு பேரும் வாறாங்க, அவங்க என்னைவிட மோசம். ஒருத்திக்கு தமிழ் தெரியாது, உங்க மலையாளத்துலயே சொல்லுங்க, சிரிச்சா சிரிக்கட்டும். நடுவுல புண்ணியவாளங்க கதை வேண்டாம். மேஜையை கொஞ்சம் ஒதுக்கி வைங்க.”